பஜ்ஜிக் கடை வாணலியும் உயிரி டீசல் கொள்கையும்: வட சென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் பெரிய கிடங்குகள் இருக்கின்றன. டேங்கர் லாரிகள் அங்கேதான் பெட்ரோலும் டீசலும் ஏற்றிக்கொண்டு பங்க்குகளுக்குக் கிளம்புகின்றன. பெட்ரோலில் எத்தனாலைச் சேர்ப்பதும், டீசலில், தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் உயிரி டீசலைச் சேர்ப்பதும் இப்படிப்பட்ட கிடங்குகளில் நடக்கிற வேலை. கொஞ்சம் தள்ளி மணலி. ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனுள்ள ஆலை அங்கே நிற்கிறது.

இந்தக் கிடங்குகளைச் சுற்றிய தெருக்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாணலி ஏறாத முனை கிடையாது. பஜ்ஜி, போண்டா, சிக்கன் பக்கோடா, காசிமேடு பக்கம் போனால் மீன் வறுவல். கடை கட்டும்போது வாணலியில் மிஞ்சுகிற எண்ணெயிலிருந்து உயிரி டீசல் செய்யலாம். செய்ய வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் சொல்கிறது. வாணலிக்கும் கிடங்குக்கும் நடந்தே போகிற தூரம்தான். ஆனாலும் அந்த எண்ணெய் அங்கே போய்ச் சேருவதில்லை. ஏன் சேருவதில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. வளரும் நாடுகள் உயிரி எரிபொருளுக்குக் கொள்கை வகுக்கும்போது எங்கே இடறுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சில தெருக்களே போதும் என்று நினைக்கிறேன்.

பேசிய கடைக்காரர்களின் பெயர்களைப் போடவில்லை. பழைய எண்ணெயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால் அவர்கள் பிழைப்புக்கே ஆபத்து வரும்.

எண்ணெய் போகிற பாதை

எண்ணெய் மேலிருந்து கீழே இறங்குகிறது. பெரிய ஹோட்டல், ஸ்வீட் ஸ்டால், சிப்ஸ் கடை ஆகியவற்றில் ஒரு கட்டத்தில் எண்ணெயை மாற்றியாக வேண்டும். பலகாரத்தின் நிறம் கெட்டால் வாடிக்கையாளர் கேட்பார். அந்த எண்ணெயை டின்னில் ஊற்றி வைத்தால் வாங்கிப் போக ஆள் வருகிறார். அவர் அதைத் தெளியவைத்து, துணியில் வடிகட்டி, சின்னப் பக்கோடா கடைகளுக்கு விற்கிறார். அங்கே அது இன்னும் சில நாள் காய்கிறது. அப்புறம் தள்ளுவண்டிக்குப் போகிறது. தள்ளுவண்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் மறுநாள் வாணலிக்கே திரும்புகிறது. எதற்கும் உதவாத அடி எண்ணெய்தான் சாக்கடையில் விழுகிறது.

தண்டையார்பேட்டையில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் ஓர் அக்காவிடம், புது எண்ணெய் மட்டும் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். "புது எண்ணெ மட்டும் ஊத்திக்கினு இருந்தா கடைய மூடினு போவ வேண்டியதுதான் தம்பி. பஜ்ஜி வெலைய ஏத்தினா இந்தத் தெருவுல யாரு வாங்குவா? பள்ளிக்கூடத்துப் புள்ளிங்கதான் வருது" என்றார்.

அவர் சொன்னதில் இன்னொரு விஷயமும் இருந்தது, அதைத்தான் கொள்கை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். அவர் காலையில் தண்டலுக்குப் பணம் வாங்குகிறார், இரவில் திருப்பிக் கட்டுகிறார். 15 கிலோ டின் வாங்கினால் எண்ணெய் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டின்னுக்கு மொத்தமாகக் கொடுக்கக் கையில் காசு இல்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர் பாக்கெட்டாக வாங்கினால் லிட்டருக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பழைய எண்ணெய் விற்பவரோ அவருக்குக் கடனுக்கே கொடுக்கிறார். சனிக்கிழமை வந்து வசூலித்துக்கொள்கிறார். ஆக அந்தக் கறுத்த எண்ணெய் அவருக்கு மலிவான சரக்கு மட்டுமில்லை, வட்டியில்லாத ஒரு வாரக் கடனும்கூட. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து எண்ணெயைக் கீழே ஊற்றச் சொன்னால் அவர் ஊற்றிவிடுவார். மறுநாள் அந்தக் கடனுக்கு எங்கே போவார்?

இந்த எண்ணெயைச் சாப்பிடுவது யார் என்பதும் தெரிந்ததுதான். துறைமுக வேலை முடித்து வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மீன் மார்க்கெட்டில் கூடை தூக்குகிறவர்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் துருவச் சேர்மங்கள் என்கிற சிதைவுப் பொருட்கள் பெருகுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே எண்ணெயை அதிகபட்சம் மூன்று முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். விதி சரியானது. இதய நோயும் ஈரல் கோளாறும் ஏழைகளுக்கு வந்தால் ஆகிற செலவை அறிந்தவர்கள் யாரும் இதை எதிர்க்க மாட்டார்கள்.

டெல்லியில் போட்ட கணக்கு

உயிரி டீசலுக்கு இந்தியாவில் ஒரு முன்கதை உண்டு. 2003-இல் திட்டக் குழு அமைத்த குழுவின் அறிக்கை, உயிரி டீசலுக்கான எண்ணெய் தரும் செடியாகக் காட்டாமணக்கை முன்னிறுத்தியது. தரிசு நிலத்தில் வளரும், தண்ணீர் கேட்காது, ஆடு மாடு கடிக்காது என்று சொன்னார்கள். 2009-ஆம் ஆண்டின் கொள்கை 2017-க்குள் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. தமிழ்நாட்டிலும் விவசாயிகள் நட்டார்கள். தண்ணீர் ஊற்றாத செடி காய்க்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிற நிலத்தில் வேறு பயிர் வைத்தாலே அதிகம் கிடைத்தது. தரிசு என்று குறித்திருந்த பல இடங்கள் ஆடு மேய்ப்பவர்களுக்கும் விறகு பொறுக்குபவர்களுக்கும் வேண்டியவையாக இருந்தன. யாருக்கும் பயன்படாதது என்று மேலே இருப்பவர்கள் நினைத்த நிலத்தில் ஏற்கெனவே சிலர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

2018 கொள்கை அந்தப் பாடத்தைப் பாதி கற்றது. உணவுப் பயிரைத் தொடாமல், உபயோகித்த சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து உயிரி டீசல் எடுக்கலாம் என்றது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் என்று இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய எண்ணெயைச் சேகரிக்கும் ரூகோ திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. 2019 ஆகஸ்ட் 10 அன்று, 100 நகரங்களில் பழைய எண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசலை வாங்கிக்கொள்வதாக எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்தன. நாட்டில் ஆண்டுக்கு 2,700 கோடி லிட்டர் சமையல் எண்ணெய் செலவாகிறது, அதில் 140 கோடி லிட்டரைப் பெரிய ஹோட்டல், கேன்டீன் போன்ற இடங்களிலிருந்து திரட்டலாம், அதிலிருந்து 110 கோடி லிட்டர் உயிரி டீசல் கிடைக்கும் என்பது அப்போது அரசு சொன்ன மதிப்பீடு.

அந்த மதிப்பீட்டில் தள்ளுவண்டி இல்லை என்பதைக் கவனியுங்கள். 2019 மார்ச் முதல், நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் இடங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்ற உத்தரவும் பெரிய கடைகளுக்கானது. தண்டையார்பேட்டை முனையில் இருக்கிற எந்த வண்டியும் அந்தக் கோட்டுக்கு அருகில்கூட வராது. எத்தனாலில் இந்தச் சிக்கல் இல்லை. சர்க்கரை ஆலைகளும் வடிப்பாலைகளும் எண்ணி விடக்கூடியவை. விலையை அரசு அறிவிக்கிறது. அதனால் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்று 2030-க்கு வைத்த இலக்கை 2025-லேயே தொட முடிந்தது. கரும்பும் மக்காச்சோளமும் குடிக்கும் தண்ணீர் வேறு கேள்வி. உயிரி டீசலோ இன்னும் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதன் மூலப்பொருள் லட்சக்கணக்கான அடுப்படிகளில் சிதறிக் கிடக்கிறது.

விலை எங்கே இழுக்கிறது

2019 அறிவிப்பில் உயிரி டீசலுக்குக் குறித்த விலை முதல் ஆண்டில் லிட்டர் 51 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 52.70, மூன்றாம் ஆண்டில் 54.50. இந்தத் தொகைக்குள் எல்லாச் செலவும் அடங்க வேண்டும். பழைய எண்ணெயைக் கடை கடையாகப் போய் எடுக்க வேண்டும். மாவுத் துகளையும் தண்ணீரையும் நீக்க வேண்டும். எண்ணெயின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெத்தனால் சேர்த்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற வினையூக்கியோடு வினைபுரிய வைத்து, கீழே தங்கும் கிளிசரினைப் பிரிக்க வேண்டும். அதிகம் காய்ந்த எண்ணெயில் அமிலம் கூடியிருப்பதால் நேரடியாகச் செய்தால் சோப்பாகிவிடும். முதலில் அமிலத்தைக் குறைக்க இன்னொரு கட்டம் வேண்டும். தள்ளுவண்டியிலிருந்து வருகிற எண்ணெய் இந்த வகை. ஆக மிக அதிகமாகக் காய்ந்த, உணவிலிருந்து முதலில் விலக்க வேண்டிய எண்ணெய்க்குத்தான் செலவும் அதிகம். இதெல்லாம் போக மிஞ்சுவதில் கடைக்காரருக்கு விலை கொடுக்க வேண்டும்.

இந்த மூன்று ஆண்டுக்குள்ளேயே புது பாமாயில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. புது எண்ணெய் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது, அதில் பாதி விலைக்குப் பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளப் பக்கோடா கடைக்காரர் தயாராக இருப்பார். உயிரி டீசல் ஆலை அந்த விலை கொடுக்க முடியாது. ஜிஎஸ்டியை 2021-இல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அது உதவியிருக்கும், ஆனால் இந்த இடைவெளியை நிரப்பாது. சட்டம் ஒரு பக்கம் இழுக்க, விலை மறுபக்கம் இழுக்கிறது. வட சென்னையில் விலைதான் ஜெயிக்கிறது.

சேகரிப்பு நிறுவனங்களும் முதலில் பெரிய ஹோட்டலுக்குத்தான் போகின்றன. ஒரு தள்ளுவண்டி நாளுக்கு அரை லிட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 லிட்டர் சேர 200 வண்டிகளிடம் நிற்க வேண்டும். ஒரே பெரிய சமையல்கூடத்தில் அது கிடைத்துவிடும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதன் விளைவு ஒன்றை ராயபுரத்தில் ஒரு பக்கோடா கடைக்காரர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது: "பெரிய கடை எண்ணெ இப்ப கம்மியா வருதுண்ணே. அதனால நம்ம எண்ணெயவே ரெண்டு நாள் கூட ஓட்டறோம்." மேலே திட்டம் வெற்றிபெற்றால், கீழே அதே எண்ணெய் இன்னும் அதிக நாள் காய்கிறது. பெரிய ஹோட்டலில் திரட்டிய லிட்டர் கணக்கு அறிக்கையில் சாதனையாக ஏறும். தள்ளுவண்டியில் சாப்பிடும் பிள்ளையின் நிலை முன்பைவிட மோசமாகும். வேறெதையும்விட இதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தோனேசியாவும் இந்தத் தெருவும்

அந்த அக்காவின் வாணலியில் இருப்பது பாமாயில். அது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இந்தோனேசியாவும் வளரும் நாடுதான். அதுவும் உயிரி எரிபொருள் கொள்கை வைத்திருக்கிறது. அங்கே டீசலில் பாமாயில் டீசலின் பங்கு 2023-இல் 35 சதவீதம், 2025-இல் 40 சதவீதம். அங்கே டீசல் டேங்குக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் இங்கே வாணலிக்கு வராத லிட்டர். 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை, உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த பாமாயில் ஏற்றுமதியையே அந்த நாடு நிறுத்தியது. ஒரு நாட்டின் பசுமைக் கொள்கையால் இன்னொரு நாட்டின் தள்ளுவண்டிக்காரர் பழைய எண்ணெய்க்குத் தள்ளப்படுகிறார் என்பதை எந்தக் கார்பன் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

அதோடு நம் இறக்குமதி வரி. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் மீதான மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக ஏறியது. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால். 2025 மே இறுதியில் 16.5 சதவீதமாகக் குறைந்தது. எண்ணெய் வித்து பயிரிடும் நம் விவசாயிகளுக்காக வைத்த வரி. அதில் நியாயம் உண்டு. ஆனால் வரி ஏறிய மாதங்களில் பழைய எண்ணெய்க்குக் கிராக்கி கூடும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

விலையை மட்டும் ஏற்றினால்?

உயிரி டீசலுக்கு விலையைக் கூட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பழைய எண்ணெய்க்கு அதைவிட நல்ல விலை கிடைக்கத் தொடங்கினால், ஏழைக் குடும்பத்துக்கு அரசு மானியம் கொடுத்து அனுப்பும் நல்ல எண்ணெயே பழைய எண்ணெய் கேனுக்குள் போகிற ஆசை சிலருக்கு வரும். இது வெறும் பயமில்லை. ஐரோப்பாவில் பழைய எண்ணெயில் செய்த எரிபொருளைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கான இலக்குக் கணக்கில் இரண்டு மடங்காக எண்ணலாம் என்று சலுகை கொடுத்தார்கள். ஆசியாவிலிருந்து வருகிற பழைய எண்ணெயில் புது பாமாயில் கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் அங்கே தொடர்ந்து எழுந்தது. 2025 ஜனவரியில் இந்தோனேசியாவே பழைய எண்ணெய் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது.

கிராக்கி இன்னும் ஏறும். சர்வதேச விமானங்களுக்கான எரிபொருளில் 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2 சதவீதம் நீடித்த வகையாக, அதாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்காததாக, இருக்க வேண்டும் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. அதற்கும் இதே பழைய எண்ணெய் மூலப்பொருள். விமானம் கொடுக்கிற விலையோடு தள்ளுவண்டி போட்டி போட முடியாது.

தெருவுக்குத் தெரு சின்ன ஆலை வைக்கலாமே என்ற யோசனையையும் கேட்டேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணத்தில் நடந்ததும் அதேதான். வியாசர்பாடி சந்துகளில் மெத்தனால் பீப்பாய் நிற்கும் நிலையை யாரும் உருவாக்கக்கூடாது. எண்ணெய் விஷயத்தில் இந்தப் பகுதி பட்டதே போதும். 2013-இல் தண்டையார்பேட்டை ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு பெட்ரோலியம் வந்தது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கடற்கரை முழுவதும் எண்ணெய் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்து மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. எண்ணெயைச் சேகரிப்பது தெருவில் நடக்கட்டும். மாற்றும் வேலை, முறையான அனுமதியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உள்ள இடத்தில் மட்டும் நடக்கட்டும்.

காசிமேட்டு விசைப்படகுகளுக்கே இந்த டீசலைக் கொடுத்தால் என்ன என்றும் பேச்சு உண்டு. இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உயிரி டீசல் ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் படிந்திருக்கும் கசடைக் கரைத்து ஃபில்டரை அடைக்கும். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் உயிர்ப் பிரச்சினை. கிடங்கில் தரம் பார்த்து, 7 சதவீதம் வரையிலான அனுமதிக்குள் கலப்பதே நல்லது.

எங்கே தொடங்கலாம்

கொள்கையின் வெற்றியை எத்தனை லிட்டர் உயிரி டீசல் என்று அளப்பதை நிறுத்த வேண்டும். எத்தனை லிட்டர் கெட்ட எண்ணெய் உணவிலிருந்து வெளியேறியது என்று அளக்க வேண்டும். அப்படி அளந்தால் பெரிய ஹோட்டலின் நூறு லிட்டரைவிடத் தள்ளுவண்டியின் அரை லிட்டருக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் ஹோட்டலில் எண்ணெய் ஒரு கை மாறியிருக்கும், வண்டியில் மூன்று கை மாறியிருக்கும்.

காசு கொடுத்து வாங்குவதைவிட, பழசுக்குப் புதுசு என்று மாற்றிக் கொடுப்பது இந்தத் தெருக்களுக்குப் பொருந்தும். வண்ணாரப்பேட்டையில் எண்ணெய் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் சரக்கு வண்டி ஏற்கெனவே இந்தத் தெருக்களுக்கு வருகிறது. புது எண்ணெய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் அதே வண்டி பழசை ஏற்றிக்கொண்டு போகலாம். அரை லிட்டர் பழசு கொடுத்தவருக்குப் புது எண்ணெய் விலையில் கழிவு (தள்ளுபடி), அதுவும் ஒரு வாரத் தவணையில். அந்தத் தவணை இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட நிற்காது. பழைய எண்ணெய் விற்பவர் ஜெயிப்பதே அதனால்தான். பகுதியிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுக்கள் அந்தத் தவணைக்குப் பொறுப்பேற்கலாம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் உண்டு; யார் யார் வறுக்கிறார்கள் என்ற பட்டியலை அங்கே தயாரிக்கலாம். பழைய எண்ணெய் வாங்கி விற்கும் ஆளையும் ஒதுக்கக்கூடாது. எந்தக் கடையில் எந்தக் கிழமை எண்ணெய் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைச் சேகரிப்பாளராகப் பதிவுசெய்தால் அந்த அறிவு நமக்கு வேலை செய்யும்.

ஏமாற்றைத் தடுக்க, 25 சதவீதம் தாண்டிய எண்ணெய்க்கு மட்டும் கழிவு என்று வைத்தால் ஆபத்து. அந்த அளவு வரட்டும் என்று இன்னும் காய்ச்சுவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு கடைக்கும் அது வாங்கும் புது எண்ணெயின் அளவைப் பார்த்து ஓர் உச்சவரம்பு வைக்கலாம். அதற்கு மேல் கொண்டுவந்தால் கழிவு கிடையாது. ரேஷன் எண்ணெய் கேனுக்குள் போகும் ஆசை அதிலேயே பெரும்பகுதி அடங்கிவிடும்.

கழிவுக்கான பணத்தை உயிரி டீசல் விலையில் தேடினால் கிடைக்காது. அந்த அக்கா ஊற்றும் ஒவ்வொரு லிட்டர் பாமாயிலுக்கும் இறக்குமதியின்போதே வரி போயிருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு வாணலிக்குத் திரும்பினால் போதும். சாக்கடை அடைப்பு எடுக்கக் குடிநீர் வாரியம் செய்கிற செலவும், அரசு மருத்துவமனைகள் தாங்குகிற செலவும் இந்தக் கணக்கில் வர வேண்டியவை. எண்ணெய் நிறுவனத்தின் கொள்முதல் விலைக்குள் அவற்றைத் தேடுவது வீண்.

சோதித்துப் பார்க்க ஒரு வார்டு போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு வறுவல் கடைகளின் வியாபாரம் படுத்துவிடும், அந்த நாட்களில்தான் பழைய எண்ணெயை நீட்டி ஓட்டும் நிர்ப்பந்தமும் அதிகம். அதனால் சோதனை தடைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கி, படகுகள் திரும்பிக் கடலுக்குப் போன பிறகும் நடக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் அதே வாணலிகளில் துருவச் சேர்மத்தை அளந்து, அந்த எண்களைக் கடைக்காரர்களிடமும் அந்தத் தெரு மக்களிடமும் முதலில் காட்ட வேண்டும்.